காரணம் என்னும் கட்டம்

நாற்பத்தோரு மில்லியன் வெள்ளி.
நான்காம் முறையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
'காரணம்' என்ற கட்டம் வலுவாக இல்லையாம்.

எழுதியிருந்தேன்:
கூரை ஒழுகுகிறது. தூணில் கம்பி தெரிகிறது.
பெண் வீரர்களுக்கு ஒரே குளியலறை,
அதுவும் கிடங்குக்குப் பின்னால்.

இன்று பாலஸ்டியருக்கு நேரிலேயே போய்விட்டேன்.
சார்ஜண்ட் ஹைருல் கோப்பி-ஓ ஊற்றினார்.
புதுக் கட்டடம் எழும்வரை வண்டிகளை எங்கே நிறுத்துவது,
கார்நிறுத்தத்திலா, காலிப் பள்ளிக்கூடத்திலா
என்று பேசிக்கொண்டிருக்கையில்

மணி.

புளோக் ஒன்பதில் புகை.
நாற்காலிகளும் நானும் மிச்சம்.
ஓட்டுநர் இளம்பரிதி கைநீட்டி
இருபுறக் கண்ணாடிகளையும் மடக்கினார்.
சின்ன வண்டிகளின் காலத்தில் கட்டிய வாசல்.
ஒருவர் முன்னால் பின்னடி வைத்துக் கையசைக்க
அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது வண்டி,
சைரன் மட்டும் அவசரமாய்.

எண்ணினேன். பதினான்கு வினாடி.

கோப்பி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கட்டத்திலிருந்த அத்தனையும் அழித்துவிட்டு
எழுதினேன்:
வண்டிக்கும் சுவருக்கும் நடுவே
பக்கத்துக்கு இரண்டு விரல்.

மேலிடத்துக்குப் புரியாவிட்டால்
கூப்பிடட்டும்,
விரலோடு வருகிறேன்.