இரண்டு தட்டு

பாசையூர் ஐஸ் பக்ரறிக்குப் பின்னால்
பழைய வலைக் களஞ்சியம்.
சுவரில் இன்னும் உப்பு ஊறுகிறது.
மெத்தைகளுக்கு மேல் நாங்கள் தைத்து விரித்திருப்பது
முகாம் காலத்துத் தறப்பாள்.
அதன் நீல எழுத்துகளில் இரண்டு
சரியாக என் இடுப்பு விழும் இடத்தில்.

செவ்வாயும் சனியும், பின்னேரம் ஆறரைக்கு.
பழக்கியவர் மாற்றலாகி மன்னாருக்குப் போய்விட்டார்.
மிஞ்சியது ஐந்து பேர்,
ஒரு புத்தகத்தின் போட்டோக்கொப்பி.
அதில் பதினேழாம் பக்கம் இல்லை.
அங்கே என்ன இருந்திருக்கும் என்று
ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சண்டை பிடிக்கிறோம்.

ஜூடோவில் முதற் பாடம் விழுவது.
கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது.
ஹெலிச் சத்தத்துக்குச் சைக்கிளோடு விழுந்தவர்கள்,
சோற்றுக் கோப்பையோடு,
கட்டி முடிக்காத ஒற்றைப் பின்னலோடு,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்கள்.
எங்களுக்கோ?

ஆனால் இது வேறு விழுகை.
நாடி நெஞ்சோடு ஒட்ட வேண்டும்.
கண் இடுப்புப் பட்டியின் முடிச்சைப் பார்க்க வேண்டும்.
கை முழுதாக நிலத்தை அறைய வேண்டும்.
மூச்சை
விட வேண்டும்.
எனக்கு ஏழு மாதம் பிடித்தது, அந்தக் கடைசி ஒன்றுக்கு.

தொடங்க முன் வெறுஞ்சுவரைக் கும்பிடுகிறோம்.
"ஆற்றையும் படம் வைப்பமோ?" என்று பவநீதன் ஒருநாள் கேட்டான்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இந்த ஊர்ச் சுவர்களில் எத்தனை படங்கள் இருந்தன என்று
அவனுக்கும் தெரியும்.
ஆணியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

போட்டோக்கொப்பியில் வரலாறும் உண்டு.
கொல்லும் வித்தை ஒருநாள்
தன் பெயரின் வாலை வெட்டி
'வழி' என்று ஒட்டிக்கொண்ட கதை.
பிறகு அந்த வழி பள்ளிக்கூடங்களுக்குள் போனது.
பையன்களை வரிசையில் நிறுத்தி
உதிர்கிற செரிப்பூவைக் காட்டியது:
இப்படி, இப்படித்தான்.
புத்தகம் அதை ஒன்றரை வரியில் தாண்டிவிடுகிறது.
நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதுகிறவள்.
ஒன்றரை வரிக்குள் எவ்வளவு பேரை அடக்கலாம் என்று
என் விரலுக்குத் தெரியும்.

எங்களிடமும் ஒரு பூ இருந்தது.
கார்த்திகை மழைக்கு
வேலியில் இப்போதும் பூக்கிறது.
அதன் பிழை ஒன்றுமில்லை.

றெஜினாள் ஐஸ் உடைக்கிறவள்.
பத்து வருசம் உளி பிடித்த கை
என் கழுத்தைச் சுற்றி இறுகும்போது
விளிம்பிலிருந்து வெளிச்சம் சுருங்கிக்கொண்டு வரும்.
அப்போது உள்ளங்கையால் இரண்டு தட்டு,
அவள் தோளில், அல்லது தறப்பாளில்.
அவ்வளவுதான். விட்டுவிடுவாள்.

முதல் மாதம் நான் தட்டவேயில்லை.
கண் முழித்தபோது முகமெல்லாம் ஐஸ் தண்ணி.
"விசரி! தட்டினா விடுவன்தானே,
ஏன்ரி தட்டேல்லை?"

என்ன சொல்வது அவளுக்கு.
கையை உயர்த்திக்கொண்டு போனவர்களை
நான் தட்டச்சில் அடித்திருக்கிறேன்.
ஆட்கொணர்வு மனு, மூன்று பிரதிகள்.
பெயர். வயது.
கடைசியாகக் கண்ட இடம்.
மனுதாரர் அழுததைப் பதிவதற்குக்
குறியீடு ஒன்றும் கிடையாது.

போன செவ்வாய் என் முறை.
றெஜினாளின் சட்டைக் கழுத்தை இரு கையாலும் பற்றி
உள்ளே திருப்பினேன்.
பக்கத்தில் ஐஸ் அரைக்கிற மெசின்,
கூரைத் தகரம் அதிர்ந்தது,
எதுவும் கேட்காது.
எனக்குள் ஒன்று, பெயர் வைக்க விரும்பாத ஒன்று,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது.

தோளில் இரண்டு தட்டு.
மழைத்துளி அளவு.

நான் முடிவெடுக்கவில்லை.
கைதான் விட்டது.

அவள் எழும்பியிருந்து இருமினாள்,
கண்ணைத் துடைத்தாள்,
சிரிக்கவும் செய்தாள்.
என் விரல்கள் மட்டும் மடங்கியபடியே நின்றன,
யாருடையவோ போல.

"இன்னொருக்கா," என்றாள்,
குழம்பிய சட்டையை இழுத்துச் சரிசெய்து
கழுத்தை எனக்குக் காட்டியபடி.