ஒண்டி

கழிஞ்சூர் ஏரிக்கரையில் மாடிப் போர்ஷன்.
ஜன்னலைத் திறந்தால் ஏரி,
அதற்கு மாதம் ஐந்நூறு கூட.
நான் பார்க்கப் போனது மே மாதம்.
திறந்த ஜன்னலில் கருவேல முள்,
இரண்டு எருமை,
பையன்கள் ஸ்டம்புக்கு நட்ட மூன்று குச்சி.
"தண்ணி வந்தா சூப்பரா இருக்கும்மா"
என்றார் ஜீவரத்தினம்.
வராத தண்ணீருக்கும் அன்றே ஓடத் தொடங்கியது
வாடகை.

"கூட யாரு?"
யாருமில்லை.
"ஒண்டியாவா?"
ஒண்டிதான்.
அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.
கிரேஸ் அக்கா என் கழுத்தைப் பார்த்தார்.
சி.எம்.சி.யில் ரத்தம் எடுக்கிற கவுண்டர் என்றதும்
பத்து மாத அட்வான்ஸ் எட்டாக இறங்கியது.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
விருந்தாள் வந்தால் இரண்டே நாள்.
மோட்டார் காலையில் ஒருதரம்.
கரண்ட் யூனிட் எட்டு ரூபாய்.
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
ஒன்றாம் தேதி சாயங்காலம்
டார்ச் அடித்து சப்-மீட்டரைக் குனிந்து பார்ப்பார்,
வற்றிய கையில் நான் நரம்பு தேடுகிற மாதிரி.

பின்கட்டு நாள் வாடகைக்கு.
வாசல் போர்டில் வங்காளத்திலும் எழுதியிருக்கும்.
ஆவணியிலிருந்து அங்கே மால்டாக்காரர் சுபல்,
வாரம் மூன்று டயாலிசிஸ்.
ரீனா கடுகெண்ணெய் காய்ச்சும்போதெல்லாம்
கிரேஸ் அக்கா
ஊதுவத்தி கொளுத்துவார்.

நான் ஒரே ஒரு ஆணி அடித்தேன்.
ராத்திரி கூட்ஸ் வண்டி
காட்பாடி பக்கம் தடதடக்கும்போது,
பெட்டிக்கு ஒரு அடி வீதம்.
மேலே காலண்டரை மாட்டி மறைத்தேன்.
மாட்ட வேறொன்றும் இல்லை.
ஏதோ ஒன்று
என்னுடையதாக அந்தச் சுவரில் இருக்கட்டும் என்றுதான்.

ஐப்பசி கடைசியில் ஏரி கோடி போனது.
கற்பூரம், பூசணிக்காய், செல்ஃபி.
கோடியில் பாய்ந்த தண்ணீருக்குக்
கை தட்டிவிட்டு ஊர் தூங்கப் போனது.
தண்ணீர் கரையை உடைத்து வரவில்லை.
கீழ்வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாக,
கதவைத் தட்டாமல்,
வீட்டுக்காரர் மாதிரி வந்தது.

அன்றைக்குத்தான் ஜீவரத்தினம்
முதல்முறையாக என் கதவைத் தட்டினார்.
தோளில் இன்வெர்ட்டர் பேட்டரி.
பின்னால் கிரேஸ் அக்கா, சுபல், ரீனா, குக்கர்.
"ஒண்டிக்கிறோம்மா, ரெண்டு நாளு."
அதே சொல்தான்.
வினைச்சொல்லாகி மாடியேறி வந்திருந்தது.

விடிந்ததும் கேட்டுக்குள்
கொசுவலை வீசி ஜிலேபி மீன் பிடித்தார் சுபல்.
டாக்டர் பார்த்தால் திட்டுவார் என்றேன்.
பிடிக்க மட்டும்தான் என்றார், கையால்.
ரீனா வறுத்தது கடுகெண்ணெயில்.
கிரேஸ் அக்கா இரண்டாவது துண்டு கேட்டார்.

பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது
எல்லாம் நனைந்த மஞ்சள் பையில்.
எங்கே காயப்போட என்று
சுவர் சுவராகத் தடவியவர்
காலண்டரைக் கழற்றினார்.
ஆணியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"கெட்டியா இருக்குதா?"
இருக்கு என்றேன்.
முழு வீடும் அதில் தொங்கிச் சொட்டியது.

இரண்டு நாள் நான்காயிற்று.
எண்ணவில்லை என்றால் பொய்.
எண்ணினேன். சொல்லவில்லை.
இரவில் ஐந்து மூச்சுக்கு நடுவே
என்னுடையது எது என்று தேடி
கிடைக்காமலே தூங்கினேன்.

ஒன்றாம் தேதி டார்ச் வந்தது.
கீழே சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு,
அதற்கு மேலே சப்-மீட்டர் பிழைத்திருந்தது.
சீட்டில் அவர் கையெழுத்து:
யூனிட் அறுபத்தொன்று.
கழிக்க: நாலு நாள், நாங்க, பதினாலு.
பாக்கி நாற்பத்தேழு.
ஆணியைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஏரிக்கான ஐந்நூறை மட்டும் குறைக்கவில்லை.
கேட்கவும் முடியாது.
ஜன்னல் முழுக்கத் தண்ணீர்.