எடுத்தவர் பேசக் கூடாது

போயா தினம். சாராயக் கடைக்குப் பூட்டு,
எங்கள் கடைக்குத் திறப்பு என்று கடாட்சம் பகிடி விடுவார்.
வெள்ளவத்தையில் ஒரு தையல் கடையின் மேல்மாடி.
வெட்டு மேசையில் துணிக்குப் பதில் படங்கள்.
சோக்குக் கோடுகள் இன்னும் அழியாத பலகையில்
எட்டுக்குப் பன்னிரண்டாய் எங்கள் ஒரு மாதம்.

விதி ஒன்றுதான்:
எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை
எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது.

முதலில் துமிந்தவின் கொக்கு.
பேரே வாவிக்கு விடிய ஐந்து மணிக்குப் போய்
நுளம்புக்கு இரத்தம் கொடுத்து எடுத்தது.
"செட்டை நுனி வெட்டுப்பட்டுப் போச்சு" என்றார் இல்ஹாம்.
துமிந்த தலையைக் குனிந்து
மாலு பணிஸைப் பிய்த்தான்.

காலிமுகத்திடல் பட்டங்கள் மூன்று பேரிடமிருந்து.
மூன்றிலும் அதே கடல்,
ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் சரிந்து.
"இந்தத் தண்ணி வழிஞ்சு பம்பலப்பிட்டிக்கு வந்திடும்"
அடிமட்டத்தை வைத்துக் காட்டினார் கடாட்சம்.
சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே.

பிறகு என்னுடையது.

மழை. நூறாம் இலக்க பஸ்.
யன்னல் கண்ணாடியில் நெற்றியை ஊன்றி ஒருத்தி.
துளிகள் ஒவ்வொன்றும் ஊசிமுனை.
முகம் மட்டும்
தண்ணீரில் விழுந்த மை மாதிரி.

"போகஸ் பிழை." கடாட்சம்.
"துளிக்குள்ள சிவப்பு லைட் தெரியுது, அது வடிவு.
ஆனா ஆள் எங்க?" இல்ஹாம்.
"ரெண்டு ஸ்டொப் மூடினா ரெண்டும் வரும்தானே"
துமிந்த, தனக்குத் தெரிந்த தமிழில்,
கொக்குக்குப் பழி தீர்த்தான்.
பத்துக்கு ஐந்து.
ஒருவர் இரக்கப்பட்டு ஐந்தரை.

நான் விதிக்குள் இருந்தேன்.

சொல்லியிருக்கலாம்:
சந்தியில் பஸ் நின்ற அந்த இருபது செக்கனில்
முதலில் முகத்தில்தான் குவித்தேன்.
அழுதுகொண்டிருந்தாள். அழுகை என்றும் சொல்ல முடியாது.
கந்தோருக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடைத்த இருக்கையைப்
பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.
ஒருமுறை அழுத்தினேன்.
கண் திரும்பியது. என்னைக் கண்டது.
கோபமில்லை.
முகத்தைக் கொண்டுபோய் வைக்க
அவளுக்கு வேறு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.
வளையத்தை ஒரு மயிரளவு திருப்பினேன்.
துளிகள் வந்தன. அவள் போனாள்.
இரண்டாம் முறை அழுத்தினேன்.

பிறேமிலா மட்டும் இன்னும் பேசவில்லை.
படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள், சாய்த்தாள்,
பின்பக்கத்தைக்கூடப் பார்த்தாள்.
"இவ உங்களைக் கண்டவவோ?"

இனி என் முறை.
கடாட்சம் பேனாவோடு காத்திருந்தார்.
கீழே தையல் மெசின் ஒன்று ஓடி நின்றது.
"ஓட்டோ போகஸ் ஏமாத்திப்போட்டுது" என்றேன்.

பிறேமிலா படத்தைக் குப்புற வைத்தாள்.
புள்ளி போடவில்லை.

பிளேன்டீ வந்தது, இஞ்சி கூடிப்போய்.
அடுத்த மாதத் தலைப்பு: கதவுகள்.

முதல் படம் இன்னும் கார்டில் இருக்கிறது.
அதில் துளிகளெல்லாம் கரைந்துவிட்டன,
இமையில் நிற்கும் ஒன்றைத் தவிர.
எட்டு கிடைக்கும். ஒன்பதும் கிடைக்கும்.

நேற்று கதவொன்று தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.
நீலம் உரிந்து, கீழே பச்சை தெரிய, நல்ல கதவு.
இடமில்லை என்றது கமரா.
நின்ற இடத்திலேயே, வெயிலுக்குத் திரையைக் கையால் மறைத்து,
அழிக்க எதையாவது தேடினேன்.
பட்டங்கள் நாலு.
தெஹிவளை ஸ்டேஷனில் ஒரு நாய்.
அக்கா மகளின் பிறந்தநாள், கேக் வெட்டியதிலிருந்து
கடைசி ஆள் போகும்வரை,
எல்லாம்.