அறுபத்தெட்டு

பாய்லர் நின்றுவிட்டதென்று இரவு ஒன்றரைக்கு அழைப்பு.
நியூபரிபோர்ட் வரைக்கும் உப்புத் தூவிய சாலை.
வேனின் பின்னால் ஸ்பேனர்கள் உருளும் சத்தம்தான் துணை.
பைஜாமா மேல் குளிரங்கியோடு கதவைத் திறந்த லொரெய்ன்
"அவருக்குக் குளிர் ஆகாது" என்றாள்.
உள்ளே நோயாளி யாரோ என்று நினைத்தேன்.

அவர் கணப்புக்கு மேலே எண்ணெய்ச் சாயத்தில் இருந்தார்.
எலிஃபலெட் ஹஸ்கின்ஸ், 1774.
பழுப்புக் கோட்டு, மாவு பூசிய பொய்முடி,
பாதி முகத்தைத் தின்ற மூக்கு.
சுட்டுவிரல் சுவரில் தொங்கும் வெப்பமானியைக் காட்டுகிறது.
ஓவியர் ஒரு கோட்டையும் விடவில்லை:
பாதரசம் அறுபத்தெட்டு.

"அது பொய்" என்றாள், நிலவறையில் டார்ச் பிடித்தபடி.
நான் மல்லாந்து படுத்து இக்னிட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
இருபத்தொன்பது வருடம், நாளைக்கு மூன்று முறை
வெயிலையும் பனியையும் எண்ணாக்கிய ஆளாம்.
மகள் இறந்த அன்றும் மூன்று எண்கள் உண்டு,
மாலை எண் மட்டும் சற்றே சாய்ந்து.
படத்துக்கு உட்கார்ந்தது ஜனவரியில்.
அன்று அறையில் நாற்பத்தொன்று.
ஓவியர் அடிக்கடி விரல்களை அக்குளில் செருகிக்கொண்டார்.

அவருக்குப் போன கடிதம் இன்னும் இருக்கிறது:
மூக்கைப் பற்றி எனக்கு வழக்கில்லை.
பாதரசம் இருபத்தேழு கோடு அதிகம்.
திருத்தினால் மீதிப் பணம்.

பதில் ஒரே வரி:
ஐயா, குளிரும் அறையை யார் வீட்டில் மாட்டுவார்கள்?

மீதிப் பணம் போகவில்லை.
பாதரசமும் இறங்கவில்லை.

நாலு மணிக்கு நீலச்சுடர் பிடித்தது.
குழாய்கள் ஒவ்வொன்றாய் நெட்டி முறித்தன.
மேலே, தெர்மோஸ்டாட்டில் ஐம்பத்திரண்டு.
லொரெய்ன் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.
நான் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக்கொண்டு அவரைப் பார்த்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
விரல் மட்டும் அங்கேயே.
அறுபது.
அறுபத்துமூன்று.
கண்ணாடியில் ஆவி விலகி
மெரிமாக் ஆற்றில் ஒரு விளக்கு தெரிந்தது.

ஐந்து ஐம்பதுக்கு அறுபத்தெட்டு.

இப்போது கேட்டிருந்தால் மீதிப் பணம் கிடைத்திருக்கும்.
எழுப்பிச் சொல்லலாமா என்று திரும்பினேன்.
யாரை எழுப்புவது?
ஒவ்வொரு குளிர்காலமும் இந்த எண்ணைத் தாண்டித்தான்
பாய்லர் போயிருக்கும்,
சொல்ல ஆளில்லாமல்.

அருங்காட்சியக விதி எழுபது.
கை ஒருமுறை பொத்தான் வரை போய்த் திரும்பியது.
பணித்தாளை எடுத்து எழுதினேன்: 5.50, 68.
அதற்கென்று கட்டம் இல்லை;
ஓரத்தில், கொஞ்சம் சாய்வாக.

நிமிர்ந்தபோது அறுபத்தொன்பது.