ஒன்று குறைகிறது

தார்த்துவில் மணி நான்கு; அதற்குள் இருட்டு.
சதுப்புக்காட்டின் இரு முனைகளில்
பைன் மரங்களில் கட்டிய இரண்டு கேமராக்கள்
இலையுதிர்காலம் முழுக்க எடுத்தவை
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
எல்லாமே ஊர்பேர் இல்லாத எண்கள்.

"கையாலா மாற்றப் போகிறாய், உர்வே?"
கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல்
கோட்டை மாட்டிக்கொண்டு போனான் காரெல்.

மூன்றே வரி எழுதினேன்:
ஒவ்வொன்றாய் எடு,
அது பிறந்த நாள், மணி, நொடி பார்,
அதையே பெயராக வை.

முதலில் ஒத்திகை.
பழைய பெயரும் புதுப்பெயரும் ஜோடி ஜோடியாய்
திரையில் மட்டும் ஓடின.
பத்தைப் பார்த்தேன், சரி.
மீதியையும் பார்த்ததாக வைத்துக்கொண்டேன்.
என்டர்.

தேநீர்ப் பை நிறம் விடுவதற்குள்
முடிந்திருந்தது.
கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டியது,
ஒன்றும் அறியாத பிள்ளைபோல.

எண்ணினால், பதினொன்றில் முடிகிறது.

ஒத்திகைப் பட்டியலை மேலே உருட்டினேன்.
அக்டோபர் ஒன்பது, அதிகாலை
மூன்று பன்னிரண்டு, நாற்பதாவது நொடி:
ஒரே பெயர் இரண்டு தடவை,
நான் பார்க்காத இடத்தில்.
பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றும்
இரண்டும் ஒன்றாய்க் கண்விழித்திருக்கின்றன.

மேற்கு முனையின் முயல், பாதி வால் கலங்கலாக,
கிழக்கின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.
ஆள் இருக்கிறதா என்று கட்டளை கேட்கவில்லை;
கேள் என்று நானும் சொல்லவில்லை.
அட்டைகளையோ நேற்றே துடைத்துக்
காட்டுக்கு அனுப்பியாயிற்று.

காற்று அசைத்த கிளை என்பான் காரெல்.
பத்தில் ஒன்பது அதுதான், தெரியும்.

இருந்தும் பதிவேட்டில் பேனாவால் எழுதினேன்:
கிழக்கு, 3:12:40.
ஏதோ வந்தது.