பட்டாணி அளவு

மருந்துக்கடை சூடான்காரர்
சுண்டுவிரல் நுனியைக் காட்டினார்.
இவ்வளவுதான், முகம் முழுவதற்கும்.
ஒரு பட்டாணி.
கூடப் போட்டால் சீக்கிரம் கேட்கும் என்று
நினைக்காதே சிஸ்டர், தீய்ந்துபோகும்.

பிறகு ட்யூபைக் கையில் தராமலே கேட்டார்:
கர்ப்பமா?
இல்லை.
முயற்சி?
அவர் மஸ்கட்டில், நான் இங்கே,
எங்கிருந்து முயல்வது.
தமாம் என்றார்.

வந்த புதிதில் அதை
இந்த ஊர்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன்.
நல்லது, சரி, எல்லாம் முடிந்தது
எல்லாவற்றுக்கும் அதே சொல்.
ஆறு வருடமாக நான் சொல்லிவரும் இல்லைக்கு
நல்லது என்ற முதல் ஆள்.
மீதி ஐந்து ரியாலையும் எண்ணித் தந்தார்.

இரவில் மட்டும் பூசவும் என்கிறது பெட்டி.
என் இரவு காலை எட்டரைக்கு.
ஹாஸ்டல் பஸ்ஸில் வந்து இறங்கி
திரையின் ஓரங்களை ப்ளாஸ்திரியால்
சுவரோடு சேர்த்து ஒட்டி
ஒரு இரவு செய்துகொள்கிறேன்.
குழாயில் வருவது ஜூலை மாதத்துக் கடல்.
உப்பை எடுத்தவர்கள் சூட்டை எடுக்கவில்லை.
நேற்றே பிடித்து வைத்த வாளியில் முகம் கழுவி
இருபது நிமிடம் காயவேண்டும்.
அந்த இருபது நிமிடம்தான் பிரைட்சனோடு பேச்சு.
முகத்தைக் காட்டு என்பார்.
நெட் இழுக்கிறது என்பேன்.

மூன்றாம் வாரம்
உள்ளே பதுங்கியிருந்ததெல்லாம் வெளியே வந்தது.
தாடையில் ஏழு.
மாஸ்க் உரசும் கன்னத்தில் நான்கு.
நெற்றி நடுவில் ஒன்று,
பொட்டு வைக்காத வீட்டுப் பெண்ணுக்குக்
கர்த்தரே வைத்துவிட்ட மாதிரி.
சிரித்தால் எரிந்தது.
நார்த்தங்காய் ஊறுகாயைச் சொல்லவே வேண்டாம்.
அறைத்தோழி மெரிசெல் பார்த்தாள்.
தன் மாய்ஸ்சரைசரை என் தலையணைமேல் வைத்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் தூங்கப் போனாள்.

அத்தை கேட்டார்கள்.
நெட் நன்றாக இருந்த ஒரு நாளில்.
முகமெல்லாம் குருவா இருக்கே மக்களே,
விசேஷம் எதுவும் உண்டுமா?
அந்தக் குரலில் இருந்த ஆசைக்கு
நான் ட்யூபைத் தூக்கிக் காட்டினேன்.
ஓ, என்றார்கள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு
நாள் தள்ளிப் பிறந்தது ஒன்று.
நாற்பத்திரண்டு வாரம்.
மணிக்கட்டிலும் கணுக்காலிலும்
வெங்காயத் தோலாக உரிந்துகொண்டு
வார்டையே கூட்டும் சத்தத்தோடு.
தாய்க்குப் பத்தொன்பது வயது.
என் பிள்ளைக்கு என்ன வியாதி என்று
என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்:
வியாதி இல்லை.
தண்ணீரிலேயே கிடந்த தோல்,
காற்று அதற்குப் புதிது.
தானாகப் போகும்.
இழுக்காதே.
அவள் என் மாஸ்க்கின் மேல்விளிம்பில்
மூக்கோரத்தைப் பார்த்தாள்.
உனக்குமா?
எனக்கும்.
முதன்முதலாகச் சிரித்தாள்.

இழுக்காதே என்று சொன்ன நான்தான்
காலையில் பஸ்ஸில்
தாடையில் தொங்கியதைப் பிய்த்தேன்.
கொஞ்சம் ரத்தம்.

பன்னிரண்டு வாரம் பொறு, தெளியும் என்றிருந்தார் சூடான்காரர்.
போன வாரம் லீவு பாஸானது.
பிரைட்சனும் நானும் ஒரே நாளில்
திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம், இருபது நாள்.
கடைக்குப் போய்ச் சொன்னேன்.
முயற்சி என்றால் முதலில் நிறுத்து என்றார்,
தமாம் என்று இந்த முறை சொல்லாமல்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
முகம் தெளியவேண்டிய வாரத்துக்கு
முன்னாலேயே வருகிறது நிறுத்தவேண்டிய வாரம்.
உரிகிற முகத்தோடு போய் இறங்கலாம்.
அல்லது இன்னொரு வருடம்
வழவழப்பாக இல்லை என்று சொல்லலாம்.

இன்றைக்கு முகம் கழுவி
இருபது நிமிடமும் ஆயிற்று.
விரல் நுனியில் பிதுக்கியது அப்படியே இருக்கிறது.
திரையின் ஒரு மூலையில் ப்ளாஸ்திரி விட்டுப்போய்
தரையில் வெயில்,
ஒரு பட்டாணி அளவு.