குழி எண் ஏழு

காலடிப்பேட்டைச் சந்து முனையில்
மேம்பாலத்துக்கு மண் பார்க்கிறோம்.
முக்காலி, கப்பி, கயிறு.
அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியலைத்
தேசிங்கு இழுத்து இழுத்து விடுகிறான்.
எத்தனை அடி விழுந்தது என்று
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் ஒன்றரை மீட்டர் ஊர்.
செங்கல், பால் கவர், ஒற்றைச் செருப்பு,
விரற்கடை கனத்தில் அனல்நிலையச் சாம்பல்.
படிவத்தில் எல்லாம் சேர்த்து
'நிரப்பு மண்'.

அப்புறம் மணல்: ஏழு அடி, ஒன்பது, பதினாலு.

எட்டு மீட்டரில் கருங்களி.
இரண்டே அடியில் வழுக்கி இறங்கியது குழாய்.
வெட்டினால் மட்டிச்சிப்பி,
ஓடுகள் இரண்டும் பிரியாமல்.
கடல் இங்கே குடியிருந்திருக்கிறது,
அலைகூட அடிக்காமல்.
இப்போது குப்பம் குப்பமாக ஏறி வருவது
பழைய முகவரி தேடித்தானோ என்னவோ.

இருபத்தாறில் மட்கிய பாறை.
பிசைந்தால் பொடி. பொடிக்குள்ளும்
கல்லாயிருந்த நாளின் வரிகள்.

முப்பத்தொன்றில் சுத்தியல் துள்ளியது.
ஐம்பது அடிக்கு இரண்டு சென்டிமீட்டர்.
எங்கள் பாஷையில் அதன் பேர் மறுப்பு.

வைரப்பல் மாட்டித் துளைத்தோம்.
எண்ணெய் தடவினாற்போல் நீலக்கருப்பு,
சார்னோகைட்.
பல்லாவரத்தில் வெயில் காய்கிற அதே கல்
இங்கே சேறு போர்த்திப் படுத்திருக்கிறது.
இருநூற்றைம்பது கோடி வருஷம் முன்பு
பூமியின் அடிவயிற்றில் வெந்தது.
வேகும்போது ஈரம் பக்கத்தில் இல்லை;
இருந்திருந்தால்
வேறு கல்லாகியிருக்கும்.

அதன் சூடு தணிய நாங்கள் ஊற்றுவது
லாரித் தண்ணீர்.

குடத்தோடு நின்று அதையே பார்த்தாள்
மரியபுஷ்பம்.
"போர் போட்டு தண்ணி வந்துச்சாமா?"
போர் இல்லக்கா, மண்ணு டெஸ்ட்டு.
"பின்ன இம்மாந் தண்ணிய
கல்லுக்கா ஊத்துவாங்க?"
தேசிங்கு கயிற்றைப் பார்த்தான்.
நான் படிவத்தை.
"செரி, அந்தக் கல்லுல ஒண்ணு குடு.
காத்துல டிரம்மு மூடி நிக்க மாட்டுது."

துளைத்தது நூற்றைம்பது சென்டிமீட்டர்.
குழாயிலிருந்து வந்தது நூற்று முப்பத்தெட்டு.
பெட்டியில் அடுக்கியது நூற்று இருபத்தாறு.
மீட்பு: எண்பத்து நான்கு சதவீதம்.
குறிப்பு: இவ்விடத்தில் பிளவு இருக்கலாம்.

பிளவெல்லாம் இல்லை.
சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக
ஒரு நீல டிரம்மின் தலையில் இருக்கிறது.
அடியில் பாதி தண்ணீர்.

சாயங்காலம் முக்காலியைப் பிரித்தோம்.
எட்டாவது குழி எர்ணாவூரில்.